வழுவமைதி

மசாஹிரோ சகுராய் இளைஞராக இருந்தபோது ஒரு நாள் விளையாட்டுக் கூடம் ஒன்றில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95’ ஆடிக்கொண்டிருந்தார். ஜப்பானியக் கூடங்களில் இரண்டு பொறிகள் முதுகோடு முதுகாக நிற்கும். எதிரே ஆடுபவரின் முகம் தெரியாது. சகுராய் கைதேர்ந்தவர். தமக்குத் தெரிந்த அடிவரிசைகளையெல்லாம் இறக்கி எதிராளியை எழவே விடாமல் வீழ்த்தினார். பிறகுதான் பார்த்தார்: மறுபுறம் இருந்தது ஓர் இளம் ஜோடி, அந்த ஆட்டத்துக்கே புதியவர்கள். வென்றவருக்கு வெட்கமாகிவிட்டது. சண்டை விளையாட்டுகள் கற்றவர்க்கு மட்டுமே உரியனவாகச் சுருங்கிவிட்டன என்ற எண்ணம் அன்று தமக்கு எழுந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த வெட்கத்துக்கு அவர் தேடிய பரிகாரமே ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்று சொன்னால் மிகையாகாது. பரிகாரம் எப்படித் திரும்பிப் பாய்ந்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த செய்தி.

முதல் மாதிரி ஹால் லேபரட்டரி என்னும் நிறுவனத்தில் உருவானது. வடிவமைப்பு சகுராய், நிரல் சதோரு இவாத்தா. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான அதே இவாத்தாதான். வார இறுதி நாட்களில் அமர்ந்து எழுதினார். நிறுவனம் இருந்த யமனாஷிப் பகுதியின் ஊர்ப்பெயர் ஒன்றை ஒட்டி அதற்கு ‘ரியூவோ’ என்று தற்காலிகப் பெயர். முகமற்ற பொம்மைகள் நான்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வீட்டில் ஆடும் விளையாட்டுக்கு முகம் வேண்டும், கதை வேண்டும் என்று கருதிய சகுராய், மாரியோ, டாங்கி காங், சாமஸ், ஃபாக்ஸ் என வெவ்வேறு விளையாட்டுகளின் நாயகர்களை ஒரே மேடையில் ஏற்றினார். முறைப்படி அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தே, முதலில் செய்து முடித்துவிட்டுப் பிறகு காட்டினார். 1999 ஜனவரியில் நின்டெண்டோ 64 பொறிக்கு அது வெளிவந்தபோது 12 பாத்திரங்கள் இருந்தன. அனுமதி கேளாமல் பிறந்த விளையாட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

இதன் விதி எளியது. மற்றச் சண்டை விளையாட்டுகளில் உயிர்க்கோடு ஒன்று இருக்கும். அடிபட அடிபட அது குறையும், தீர்ந்தால் தோல்வி. ஸ்மாஷில் குறைவதற்கு எதுவுமில்லை. அடி வாங்க வாங்க ஒரு விழுக்காட்டு எண் ஏறும். எண் ஏற ஏற, அடுத்த அடி அந்தப் பாத்திரத்தை இன்னும் தொலைவுக்கு வீசும். மேடையைத் தாண்டித் திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போனால் ஓர் உயிர் போயிற்று. 150 விழுக்காட்டில் தள்ளாடுபவரும் மேடையின் விளிம்பைப் பற்றித் தப்பலாம். 30 விழுக்காட்டில் திமிரோடு நிற்பவரும் விளிம்புக்கு வெளியே ஒரு சிறு தட்டில் மாளலாம். ஆகவே யாருக்கும் கடைசி நொடிவரை நம்பிக்கை உண்டு. இன்னொன்று, வீசப்படுபவர் தம் கட்டைவிரலால் கம்பை ஒரு பக்கம் சாய்த்தால், தாம் பறக்கும் பாதையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். அடி வாங்கும்போதும் வாங்குபவருக்கு அதில் ஒரு சொல் உண்டு. விளையாட்டு வடிவமைப்பில் இதைவிட மனிதத்தன்மை கொண்ட விதி அரிது.

இரண்டாம் பகுதியான ‘மெலீ’ 2001-இல், புதிய கேம்கியூப் பொறியோடு ஒட்டி வர வேண்டியிருந்தது. ஏறத்தாழ 13 மாதங்களில் அதை முடித்தார்கள். சகுராய்க்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே அந்நாட்களில் இல்லை. குறித்த நாளில் முடியாது போலிருந்த கட்டத்தில், அப்போது நின்டெண்டோ தலைமையகத்தில் உயர்பதவியில் இருந்த இவாத்தா யமனாஷிக்குப் போய், மூன்று வாரங்கள் நிரலின் பிழைகளைத் தாமே தேடிக் களைந்தார். பொறியாளராகத் தாம் செய்த கடைசி வேலை அது என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்ததுண்டு. 2001 நவம்பர் 21 அன்று மெலீ ஜப்பானில் வெளிவந்தது.

இவாத்தா பிழை களைந்தார். ஆனால் எல்லாவற்றையும் களையவில்லை. அல்லது, களைய வேண்டிய பிழை எது என்பதே பிற்பாடுதான் விவாதமாயிற்று.

மெலீயில் தாவிய பாத்திரம் காற்றிலேயே ஒரு பக்கம் விலகி அடியைத் தவிர்க்கலாம். தாவிய மறுகணமே, சாய்வாகக் கீழ்நோக்கி விலகினால் என்ன ஆகும்? பாத்திரம் தரையைத் தொடுகிறது. ஆனால் விலகிய வேகம் இன்னும் உடலில் இருக்கிறது. நின்ற கோலத்தில், கால் அசையாமல், பனிமேல் போல வழுக்கிச் செல்கிறது. ஆட்டக்காரர்கள் இதற்கு இட்ட பெயர் ‘வேவ்டாஷ்’. நிற்கும் நிலையில் இருப்பதால், வழுக்கிக்கொண்டே எந்த அடியையும் அடிக்கலாம். உராய்வு குறைந்த லூயிஜி நெடுந்தூரம் வழுக்குவார். இளவரசி பீச் பாவம், ஒரு சாண் நகர்வதே பெரிது. விளையாட்டின் கையேட்டில் இது இல்லை. விலகல் விதி ஒன்று, தரையிறங்கும் விதி ஒன்று, உராய்வு விதி ஒன்று. மூன்றும் அடுத்தடுத்து இயங்கும்போது, தனித்தனியே எந்த விதியிலும் எழுதப்படாத ஒன்று விளைகிறது. புணர்ச்சி விதிகளை வரிசைப்படுத்தி எழுதிப் பார்த்த எந்த மொழியியல் மாணவருக்கும் இந்த வியப்பு புதிதல்ல.

மெலீயைக் குறித்த விவாதங்களில் இந்த வழுக்கலை ‘பிழை’ என்பார் ஒரு சாரார், ‘நுட்பம்’ என்பார் ஒரு சாரார். தமிழ் இலக்கணத்தில் இதற்கு மூன்றாவது இடம் ஒன்று உண்டு. வழாநிலை, வழு, வழுவமைதி. வீட்டுக்குள்ளிருந்து செருப்பைத் தேடிக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோமே, வராதவர் வந்துவிட்டதாகச் சொல்வது காலவழு. ஆனால் விரைவு பற்றிச் சான்றோர் அதை ஏற்றுக்கொண்டதால் வழுவமைதி. இங்கே வழு வழாநிலையாக மாறிவிடவில்லை; வழுவாகவே இருந்து, வழக்கால் இடம் பெறுகிறது. ‘வழு’வும் ‘வழுக்குத’லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வேவ்டாஷுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணக் குறியீடு வேறு மொழியில் கிடைப்பது கடினம்.

உருவாக்கத்தின்போதே இந்த வழுக்கல் தம் கண்ணில் பட்டது என்று சகுராய் பின்னர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அது மறைந்திருந்த குற்றமும் அல்ல, தெரிந்தே விடப்பட்டது. விட்டவர் அதன் விளைவை அளந்திருக்கவில்லை என்பதே உண்மை. ஏனெனில், சில ஆண்டுகளுக்குள் மெலீ உலகிலேயே கைக்குக் கடினமான விளையாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு நொடிக்கு 60 சட்டங்கள். தரையிறங்கும்போது ஏற்படும் தடுமாற்றத்தைப் பாதியாகக் குறைக்க, தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 சட்டங்களுக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும், ஆட்டம் முழுவதும். ஃபாக்ஸின் கீழ்நோக்கிய சிறப்படி அழுத்திய முதல் சட்டத்திலேயே எதிராளியைத் தாக்கும். கண் பார்த்து மூளை அறிந்து தடுக்கும் பேச்சுக்கே இடமில்லை, முன்னறிந்து நிற்பதுதான் வழி. தட்டைத் திரைகளில் ஒரு சில சட்டங்கள் தாமதமாகும் என்பதற்காகவே, இன்றும் பெரும் போட்டிகளுக்கு ஆட்டக்காரர்கள் பின்புறம் புடைத்த பழைய குழாய்த் தொலைக்காட்சிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் மூடிப் பல்லாண்டுகள் ஆகின்றன. கைகளும் தேய்கின்றன: மணிக்கட்டு வலியால் ஆட்டத்தை விட்டவர்களும், கம்பையே ஒழித்துப் பொத்தான்கள் மட்டும் கொண்ட பெட்டிகளுக்கு மாறியவர்களும் உண்டு.

எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று செய்யப்பட்ட ஒன்று இப்படி ஆனதில் வடிவமைத்தவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்க முடியாது. 2008-இல் வந்த ‘பிராலில்’ வேவ்டாஷ் இல்லை. அதற்கும் மேலாக, ஓடத் தொடங்கும் பாத்திரம் சில வேளை தானாகவே தடுக்கி விழும். காரணம் எதுவுமில்லை, தற்செயல் மட்டுமே. வழுக்கக் கற்றவர்களுக்கு இடறல் பரிசாகக் கிடைத்தது. இலக்கணி தம் நூலைத் திருத்தி எழுதிவிட்டார். பேசுபவர்களோ பழைய பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்கள். இணையவழித் திருத்தங்கள் வழக்கத்துக்கு வராத காலத்து விளையாட்டு மெலீ. ஏற்கெனவே வீடுகளில் இருந்த வட்டுகளில் எவரும் கைவைக்க முடியாது. ஒருவகையில் அதைக் காப்பாற்றியது அந்தப் பழமைதான்.

பேச்சு என்ற சொல் இங்கே உருவகம் மட்டுமன்று. இந்தக் கூட்டத்துக்குத் தனிச் சொற்களஞ்சியமே உண்டு. தோற்றவர் சொல்லும் சாக்குக்கு ‘ஜான்’ என்று பெயர். கை வியர்த்தது, கம்பு பழசு, நேற்று தூங்கவில்லை எல்லாமே ஜான்கள். டெக்சாஸில் ஜான் என்றொருவர் எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்வாராம். அவரால் வந்த சொல் என்று கதை வழங்குகிறது. சொற்பிறப்புக் கதைகளை அவ்வளவு எளிதில் நம்பக் கூடாது என்று முதலாமாண்டிலேயே கற்பிக்கிறார்கள். ஆனால் இயற்பெயர் பொதுப்பெயராகும் வழி எல்லா மொழிக்கும் தெரிந்த வழிதான்.

‘வாப்ளிங்’ என்ற சொல்லின் கதை அப்படிப் புகைமூட்டமானதல்ல. ஐஸ் கிளைம்பர்ஸ் என்பது இருவர் சேர்ந்த ஒரு பாத்திரம்: ஆட்டக்காரர் ஒருவரை இயக்க, மற்றவர் சற்றுத் தாமதித்து அதையே செய்துகொண்டு பின்தொடர்வார். ஒருவர் எதிராளியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டே இருந்தால், பிடியில் சிக்கியவர் விடுபடவே முடியாது. விழுக்காடு நூறு, இருநூறு என்று ஏறும். பார்ப்பவர் கொட்டாவி விடுவர். சிக்கியவர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்திருப்பார். இதைப் புகழுக்கும் இகழுக்கும் கொண்டுவந்தவர் ராபர்ட் ரைட். அவருடைய ஆட்டப்பெயர் வாப்ள்ஸ். 2013-இல் உலகின் முன்னணிச் சண்டை விளையாட்டுத் திருவிழாவான எவோவில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். 2019 தொடங்கிப் பெரும்பாலான போட்டிகள் இந்த நுட்பத்தைத் தடை செய்துவிட்டன.

கவனிக்க வேண்டியது இதுதான். வேவ்டாஷும் வாப்ளிங்கும் இரண்டுமே நூலில் இல்லாதவை. இரண்டும் நிரலிலிருந்தே விளைந்தவை. ஒன்றை வழக்கு ஏற்றது. மற்றொன்றை ஆண்டுக்கணக்கில் விவாதித்து விலக்கியது. எப்படிப் பிரித்தார்கள்? கடினம், எளிது என்பது அளவுகோல் அல்ல. நிகரில்லாத அளவுக்கு எளிதான நுட்பங்கள் பல இன்றும் அனுமதியோடு இருக்கின்றன. முதல் நுட்பம் எதிராளிக்கும் பேச இடம் தருகிறது. இரண்டாவது உரையாடலையே முடித்துவிடுகிறது. அடி வாங்குபவருக்கும் ஒரு சொல் உண்டு என்ற முதல் விதி அங்கே செத்துப்போகிறது. அந்த வகையில், தடைசெய்தவர்கள் வடிவமைத்தவரின் மனத்தை அவரைவிட நெருக்கமாகப் படித்தவர்கள் என்றுகூடத் தோன்றுகிறது. தற்செயலாக விழும் ஆயுதங்களை நீக்கியதும், 29 களங்களில் 6 மட்டுமே போட்டிக்கு உரியவை என்று ஒதுக்கியதும், நான்கு உயிர், எட்டு நிமிடம் என வரையறுத்ததும் எந்த நிறுவனமும் அல்ல. மாணவர் விடுதிகளிலும் வாடகைக் கூடங்களிலும் கூடியவர்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டு இயற்றிய சட்டம் அது.

நிறுவனத்தோடு மோதல் நேர்ந்ததும் இயல்பே. 2013 எவோவில் கடைசியாக ஓர் இடம் மிச்சமிருந்தது. எந்த விளையாட்டின் அன்பர்கள் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு அதிக நன்கொடை திரட்டுகிறார்களோ அதற்கு அந்த இடம் என்று அறிவித்தார்கள். மெலீக்காரர்கள் 94,000 டாலருக்கு மேல் திரட்டி வென்றார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பழைய விளையாட்டு! போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில், மெலீயை நேரலையில் ஒளிபரப்ப நின்டெண்டோ அனுமதி மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில மணி நேரத்தில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. ஜூலை மாதம் லாஸ் வேகஸில் நடந்த அந்தப் போட்டியை மேங்கோ எனப்படும் ஜோசஃப் மார்க்கெஸ் வென்றார். அதே ஆண்டில் வெளியான ‘தி ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்ற ஆவணப்படத் தொடரும் சேர்ந்து, அணையவிருந்த விளக்குக்கு எண்ணெய் வார்த்தது.

2020 வேறுவகை ஆண்டு. தொற்றுநோய் கூடங்களை மூடியது. மெலீக்கு இணையவழி ஆட்டம் பிறவியிலேயே இல்லை. ஸ்லிப்பி என்ற திட்டம் அந்த ஜூன் மாதம் அதைத் தந்தது: எதிராளியின் அடுத்த அசைவை ஊகித்து ஆட்டத்தை முன்னே ஓட்டி, ஊகம் தவறினால் பின்னே சுருட்டித் திருத்தும் முறை. தாமதம் ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தந்த நிரல் அது. நவம்பரில், ‘பிக் ஹவுஸ்’ என்ற புகழ்பெற்ற போட்டி ஸ்லிப்பி வழியே நடைபெறவிருந்ததை நின்டெண்டோ சட்ட அறிவிப்பு அனுப்பி நிறுத்தியது. சட்டத்துக்கு முரணாகப் படியெடுத்த விளையாட்டு அதற்குத் தேவைப்படுகிறது என்பது நிறுவனத்தின் வாதம். சட்டத்தின் கண்ணில் அந்த வாதத்துக்கு வலு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கேம்கியூபும் மெலீ வட்டும் கடையில் கிடைக்காமல் போய்ப் பல்லாண்டுகள் ஆனபின், எவருடைய விற்பனையை அந்த அறிவிப்பு காத்தது என்ற கேள்விக்கு விடை வரவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் நேர்ந்ததை இந்தக் கதையைச் சொல்பவர் பலர் மெல்லத் தாண்டிப் போகிறார்கள். ஸ்மாஷ் வட்டத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள், வருணனையாளர்கள், அமைப்பாளர்கள் பலர்மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் அடுத்தடுத்து எழுந்தன. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களில் அப்போது சிறுவயதினராக இருந்தவர்களும் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையும் முப்பது வயதுக்காரரும் ஒரே அறையில் இரவெல்லாம் ஆடி, ஒரே விடுதி அறையில் தங்கிய பண்பாடு அது. மேலே யாரும் இல்லை என்பதே அதன் பெருமையாக இருந்தது. களங்களையும் நுட்பங்களையும் பற்றி அவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் இயற்றத் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒரு வரி எழுதியிருக்கவில்லை. எந்த இலக்கணமும் வழுவமைதி என்று ஏற்கக் கூடாத வழுக்கள் உண்டு. தானே விதி செய்துகொள்ளும் சமூகம் என்று மெலீயைக் கொண்டாடும் ஆய்வுக் கட்டுரை எதுவானாலும் அந்த ஜூலையைக் கணக்கில் கொண்டே எழுதப்பட வேண்டும்.

2023 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த நின்டெண்டோவின் நெறிமுறை, உரிமம் பெறாத சமூகப் போட்டிகளில் நேரில் கூடுவோர் 200 பேரைத் தாண்டக் கூடாது என்கிறது. 2013 எவோவில் மெலீ ஆடியவர்கள் மட்டும் 700-க்கும் மேல்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. ஜப்பானைச் சேர்ந்த ஆம்சா. இருபதாண்டு மெலீயில் வெற்றிகளைப் பெரும்பாலும் ஃபாக்ஸ், ஃபால்கோ, மார்த், ஷீக், ஜிகிலிபஃப் எனச் சில பாத்திரங்களே பங்கிட்டுக்கொண்டன. யோஷி என்ற பச்சை டைனோசரைத் தர வரிசையின் அடியில் வைத்திருந்தார்கள். யோஷி தற்காத்துக்கொள்ள முட்டைக்குள் ஒடுங்கும். மற்றவரைப் போல அந்தக் காப்பிலிருந்து நேரே தாவ முடியாது. குறைபாடு என்றே எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அடி விழும் அதே கணத்தில் முட்டை விரிந்தால், அடி ஒன்றும் செய்யாது. யோஷி உடனே திருப்பி அடிக்கலாம். அந்தச் சில சட்டங்களுக்குள் ஒவ்வோர் அடியையும் எதிர்கொள்ள ஒரு மனிதரால் முடியுமா என்று எவரும் கேட்டுப் பார்க்கவில்லை. சிவப்பு நிற யோஷியைத் தேர்ந்துகொண்ட ஆம்சா கேட்டுப் பார்த்தார். 2013-இல் எவோவுக்கு வந்தபோது அவரைப் பார்த்து வியந்தார்கள். வியப்பு ஒன்பது ஆண்டுகள் வியப்பாகவே நின்றது, பெரிய போட்டி ஒன்றும் கைகூடவில்லை. பசிபிக்கைக் கடந்து வருவார், நான்காமிடமோ ஏழாமிடமோ பெற்றுத் திரும்பிப் போவார்.

2022 அக்டோபரில் மிச்சிகனில் பிக் ஹவுஸ் மீண்டும் கூடியது. இரண்டாண்டுக்கு முன் சட்ட அறிவிப்பால் நின்றுபோன அதே போட்டி. இம்முறை இணையவழியில் அல்ல, நேரில், குழாய்த் தொலைக்காட்சிகளோடு. ஆம்சா வென்றார். யோஷி அதுவரை எந்தப் பெரும் மெலீ போட்டியையும் வென்றதில்லை. கூட்டம் மேடையை நோக்கிப் பாய, அவர் அழுதார். வட்டில் இருந்தது 2001-இல் மூச்சுமுட்ட எழுதி முடிக்கப்பட்ட அதே விளையாட்டு. அந்த யோஷியின் முட்டையும் அன்று முதலே அதற்குள் இருந்தது.